கடல் கடந்த குடிவழி

(தமிழ்மன்றம் ஒன்றின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஒருவனைப் பொருட்படுத்தாது பேசுங்கால் 'ஊர்பேர் தெரியாதவன்' என்று நம் நாட்டார் சொல்வர். பொருளில்லாதவன் என்றோ படிப்பில்லாதவன் என்றோ சொல்லாமல், ஊரையும் பேரையுமே அவர்கள் எடுத்தாண்டது ஏன்? ஒருவனை அவன் சுற்றத்தோடும் முன்னோரோடும் பிணைத்து நிற்கும் கயிறுகள் அவ்விரண்டே. ஊர் தெரிந்தால் வீட்டைக் கண்டுபிடிக்கலாம். பேர் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிக்கலாம். இரண்டுந் தெரியாதவன் எங்கே போய் எவரைக் கேட்பான்?

பேரன் என்னுஞ் சொல்லையும் நாள்தோறும் வழங்குகின்றோம். பெயரன் என்பதே பேரன் என மருவிற்று. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டி பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. மேலைநாட்டார்போல் வழிவழி மாறாது நிற்குங் குடும்பப் பெயர் தமிழர்க்கு இருந்ததில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை மகன் தன் பெயர்முன் இட்டுக்கொள்வான். அவன் மகனோ அதனை விட்டுத் தன் தந்தையின் முதலெழுத்தை இட்டுக்கொள்வான். இம்முறையில் மூன்றாந் தலைமுறைக்குள் மூத்தோன் பெயர் மறைந்தொழிய வேண்டும். மறையாமற் காத்தது பெயரன் என்னும் முறையே. முருகன் மகன் வேலன். வேலன் மகன் முருகன். அம் முருகன் மகன் மீண்டும் வேலன். ஏடும் எழுத்தாணியும் இல்லாக் குடிலிலுங்கூட இவ்வாறு ஒரு குடிவழி அழியாது நின்றது.

ஊரென்னும் கயிறும் பேரென்னும் கயிறும் கப்பலேறிக் கடல் கடந்தபோது என்னவாயின என்பதே இவ்வுரையின் பொருள்.

பெயருக்கு முன் ஓர் எண்

பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் 1834-ஆம் ஆண்டும், பிரஞ்சுக் குடியேற்றங்களில் 1848-ஆம் ஆண்டும் அடிமைமுறை ஒழிந்தது. அடிமைகள் விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்டங்களுக்கோ கைகள் வேண்டியிருந்தன. அவற்றை வெள்ளை முதலாளிகள் நம் நாட்டிலே தேடினர். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்னும் பெயரால் வறியவர் கப்பல் கப்பலாக ஏற்றப்பெற்றனர். மொரீசியசுத் தீவுக்கு 1834 முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இந்தியாவினின்று சென்றோர் ஏறத்தாழ நாலரை இலக்கம் பேர். தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்கு முதற் கப்பலாகிய 'துரூரோ' சென்னைத் துறையினின்று 342 பேரைச் சுமந்து 1860 நவம்பர் 16-ஆம் நாள் தர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911-இல் அவ்வாள்சேர்ப்பு நின்றது வரை நெட்டாலுக்குச் சென்றோர் தொகை 152,184. இவருள் ஏறத்தாழ மூன்றில் இருபங்கினர் சென்னை வழியே சென்றவர். தமிழரும் தெலுங்கரும் பிறரும் ஆவர்.

மாதக் கூலி முதலாண்டிற் பத்துச் சில்லிங்கு. ஆண்டுக்கு ஒரு சில்லிங்கு ஏறும். ஒப்பந்தம் முடிந்தபின்னும் அந்நாட்டிலே உரிமையோடு வாழ விரும்பியவர்மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி சுமத்திற்று. பத்துச் சில்லிங்குக் கூலிக்காரன் ஆறு மாத உழைப்பை வரியாக இழக்க வேண்டுமாயின் அவன் நிலை யாதாகும்? மீண்டும் ஒப்பந்தத்திற் கைந்நாட்டிடுவான். அன்றேல் கப்பலேறித் திரும்புவான். சட்டம் இயற்றினார் விரும்பியதும் அதுவே.

இக் கொடுமையினூடே வியப்பானதொன்று உண்டு. அம் மக்களை வேலைக் கருவிகளாகக் கணக்கிட்ட அதே அரசு, அவர்களைப் பற்றி விரிவாக எழுதியும் வைத்தது. கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அவ்வெண்ணின் எதிரே பெயர், தந்தை பெயர், அகவை, ஆண் பெண் என்பது, சாதி, மாவட்டம், வட்டம், சிற்றூர், உயரம், உடம்பிலுள்ள தழும்பு, ஏறிய கப்பல், அமர்த்திக்கொண்ட முதலாளி எனக் கட்டங்கட்டமாக எழுதினர். மொரீசியசில் பிற்காலத்தில் ஒளிப்படமும் எடுத்துச் சேர்த்தனர். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதப்பெற்ற ஏடு அது. தப்பியோடியவனை அடையாளங் காட்டவே தழும்பு குறிக்கப்பெற்றது.

அன்று காவலுக்காக எழுதியது இன்று கொள்ளுப்பேரர்க்குக் கருவூலமாயிற்று. மொரீசியசின் ஏடுகள் மோக்கா நகரில் 1970-இல் நிறுவப்பெற்ற மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. வந்தவர் கரையிறங்கிய போர்ட்டுலூயித் துறைப்படிகள் 2006-ஆம் ஆண்டு உலகமரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றன. நெட்டாலின் கப்பற் பட்டியல்கள் கணிப்பொறியில் ஏற்றப்பெற்றுத் தர்பனிலுள்ள காந்தி–லுத்துலி ஆவண நடுவத்தின் வழியே தேடுவார்க்குக் கிட்டுகின்றன.

தாயகத்தின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே நிலமுடையவன் பெயர் நிலவரிக் கணக்கில் இருந்தது; கோயிலுக்குக் கொடை தந்தவன் பெயர் கல்லில் இருந்தது. பிறர் வயலில் உழைத்து, கூழுக்கும் வழியின்றிப் பஞ்சத்தில் ஊரைவிட்டு வெளியேறிய ஏழையின் பெயரை எழுதிவைத்தவர் பெரும்பாலும் எவருமிலர். அவன் பெயர் முதன்முதலாக ஏட்டில் ஏறியது அவன் நாட்டைவிட்டு நீங்கிய அன்றுதான். அவனுக்கு எழுத்தறிவு தராத குமுகாயம் நாணவேண்டிய செய்தி இது. அயலான் எழுதியதனால் அயலான்மீது நன்றி பாராட்ட வேண்டுவதில்லை. நாம் எழுதாமைக்கு நாமே வருந்தவேண்டும்.

ழகரம் போனது, வழியும் போனது

ஏடு இருப்பதனாலேயே வேர் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடல் வேண்டா. தமிழ்ப் பெயரைத் தமிழறியா எழுத்தன் காதாற் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதினான். லகரம், ளகரம், ழகரம் மூன்றும் ஓரெழுத்தாயின. நகரமும் னகரமும் ணகரமும் ஒன்றாயின. குறிலும் நெடிலும் வேறுபாடிழந்தன. குளத்தூரும் கொளத்தூரும் ஒன்றுபோலவே எழுதப்பெறலாம். தமிழ்நாட்டிற் குளத்தூர் ஒன்றா இரண்டா? வட்டத்தின் பெயரும் சிதைந்திருந்தால், பூட்டன் பிறந்த ஊரைத் தேடி வந்தவன் எந்தக் குளத்தூரில் இறங்குவான்? எவர் வீட்டுக் கதவைத் தட்டுவான்?

பெயர்களும் இங்ஙனமே உருமாறின. முனுசாமி 'மூன்சாமி' ஆனான். முனியன் 'முனியென்' ஆனான். ஒரே தந்தைக்குப் பிறந்த உடன்பிறந்தார் இருவர், இருவேறு எழுத்தர் கையில் இருவேறு எழுத்துக்கூட்டல் பெற்று, இரண்டு தலைமுறையில் இருவேறு குடும்பங்களாகிவிடுதல் கூடும். தமிழில் எழுதியிருந்தால் இருவரும் ஒரு பெயரினர் என்று பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான்.

இங்கே ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. குடும்பப் பெயர் யாது என்று வெள்ளை அரசு கேட்டது. தமிழர்க்கு அஃதில்லை. நெட்டாலிற் பலர் தம் குலப்பட்டத்தைச் சொன்னார்கள். கவுண்டர் என்பது 'கவெண்டர்' ஆயிற்று. முதலி 'மூட்லி' ஆயிற்று. நாயக்கர் 'நைக்கர்' ஆயிற்று. பிள்ளை, செட்டி, படையாட்சி, நாயுடு, ரெட்டி என்பனவும் இவ்வாறே நிலைத்தன. இன்று அந்நாட்டில் ஒரே பட்டத்தைத் தாங்கி வாழ்வோர் பல்லாயிரவர். அவருள் எவர் எவர்க்கு உறவு என்பதனைப் பட்டம் சொல்லாது. சாதியின் பெயர் எஞ்சிற்று. பாட்டனின் பெயர் எஞ்சவில்லை.

பிரஞ்சுக்காரர் ஆண்ட தீவுகளில் நடந்தது வேறு. புதுச்சேரி, காரைக்கால் துறைகளினின்று முதற் கப்பல் மார்த்தினீக்குத் தீவுக்கு 1853-இலும் குவாதலூப்புத் தீவுக்கு 1854-இலும் சென்றது. குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேர் சென்றனர். அங்கே கரையிறங்கியவனின் சொந்தப் பெயரையே அவன் வழியினர்க்குக் குடும்பப் பெயராக நிலைநிறுத்தினர். அதனால் முத்துசாமியின் வழியினர் இன்றும் 'முத்துசாமி'களே. சின்னத்தம்பியின் வழியினர் 'சின்னத்தம்பு'களே. எழுத்துக்கூட்டல் பிரஞ்சு, உள்ளிருப்பதோ தமிழ். எர்னெசுட்டு முத்துசாமி என்பார் குவாதலூப்பின் சார்பில் 1981-ஆம் ஆண்டு முதல் பிரஞ்சு நாடாளுமன்றத்தில் இடம்பெற்றிருந்தார். அத் தீவினின்று ஐக்கிய அமெரிக்க நாட்டுக்குப் பெயர்ந்த ஒரு குடும்பத்தில் வந்தவர் ஒளிப்படக் கலைஞர் சீன் முத்துசாமி. அவர் 1951-இல் சிகாகோவிற் பிறந்தவர். வரிப்பந்தாட்ட வீரர் ஆர்தர் ஆசு என்பாரை மணந்தவர். தமிழகம், மேற்கிந்தியத் தீவு, அமெரிக்கா என மூன்று நிலங்களைக் கடந்தும், மொழி மறைந்தும், குருதி கலந்தும், 'முத்து' என்னும் ஒரு தமிழ்ச்சொல் அக் குடும்பத்தினின்று உதிரவில்லை.

என்றி சிதம்பரம் என்பாரையும் இங்கு நினைத்தல் தகும். இந்தியக் குடியேறிகளின் மகனாகக் குவாதலூப்பில் 1863-இற் பிறந்தவர் அவர். தம்மைப்போல் அங்குப் பிறந்தார்க்குப் பிரஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி, 1904 தொடங்கி 1923 வரை பத்தொன்பது ஆண்டுகள் வழக்காடி வென்றார், 1952-இல் மறைந்தார். ஒரு தமிழ் ஊரின் பெயர் அவர்தம் குடும்பப் பெயராய் நின்று உரிமைப் போர் புரிந்தது.

தம்பியின் குடும்பம்

இனி, ஒரு குடும்பத்தின் வழியைத் தலைமுறை தலைமுறையாகப் பார்ப்போம். அது தென்னாப்பிரிக்க வரலாற்றிற் புகழ்பெற்ற குடும்பம். தம்பி நாயுடுவின் குடும்பம்.

முதல் தலைமுறையினர் சென்னை மாகாணத்தினின்று மொரீசியசு சென்றனர். இரண்டாந் தலைமுறையினரான கோவிந்தசாமி கிருட்டிணசாமி தம்பி நாயுடு, 1875-இல் அத் தீவிற் பிறந்தார். 1889-இல் சிறுவனாகத் தென்னாப்பிரிக்கா வந்தார். பின்னர்ச் சோகன்னசுபர்க்கில் வணிகரானார். காந்தியடிகளின் அறப்போரில் முன்னணியில் நின்றார்; சிறை சென்று மீண்டு, மீண்டுஞ் சிறை சென்றார். 1908 பிப்பிரவரி 10-ஆம் நாள் காந்தியடிகள் தெருவில் தாக்கப்பெற்றபோது உடனிருந்து, விழுந்த அடிகளைத் தாமும் ஏற்றார். சோகன்னசுபர்க்குத் தமிழர் நலச்சங்கத்தின் தலைவராக விளங்கினார், 1933-இல் மறைந்தார்.

அடிகள் தம் நூலில் அவரைத் தமிழர் என்றே குறிக்கின்றார். பள்ளிக் கல்வி பெறாதவர், தாமே முயன்று தமிழும் ஆங்கிலமும் கற்றவர், தெலுங்கும் ஓரளவு அறிந்தவர், இந்திய மண்ணையே கண்டிராதவர் என்றும் எழுதுகின்றார். நாயுடு என்பதோ தெலுங்குப் பட்டம். பட்டத்தை மட்டும் பார்ப்பவன் அவரைத் தெலுங்கர் எனத் தள்ளிவிடுவான். அவர் எவரென்று காட்டியது பட்டமன்று. அவர் கற்ற மொழியும் தலைமை தாங்கிய சங்கமுமே. பட்டம் வேரைக் காட்டாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்னுமொன்று. 'தம்பி' என்பது பெயரன்று, முறைச்சொல். வீட்டார் அழைத்த சொல்லாகவே இருத்தல் வேண்டும். அஃதே அரசின் ஏடுகளிலும் செய்தித்தாள்களிலும் வரலாற்று நூல்களிலும் அவர் பெயராய் ஏறி நின்றது. வெள்ளை நடுவனும் சிறைக்காவலனும் அவரைத் 'தம்பி' என்றே அழைத்தாக வேண்டியிருந்தது!

மூன்றாந் தலைமுறைக்கு வருவோம். 1914 சூலையிற் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டு நீங்குங்கால், தம்பி நாயுடு தம் மக்கள் நால்வரை அவரிடம் ஒப்படைத்தார். தந்தை காணாத தாயகத்தை மக்கள் கண்டனர். ஆயினும் அவர்கள் வளர்ந்தது தாகூரின் சாந்திநிகேதனிலும் அகமதாபாத்துக் குடிலிலுமே. அந் நால்வருள் ஒருவர் நாரணசாமி. அவர் 1901-இற் பிறந்தவர். தென்னாப்பிரிக்கா திரும்பித் தொழிற்சங்கத் தலைவரானார், 1946-ஆம் ஆண்டு அறப்போரிற் சிறை புகுந்தார், 1953-இல் மறைந்தார். அவர் மனைவியார் மனோன்மணி. அவரும் சிறை சென்றவர். 1993 வரை வாழ்ந்தவர். அவரை ஊரார் 'அம்மா' என்றே அழைத்தனர். நிறவெறியை எதிர்த்த கருப்பரும் வெள்ளையரும் தமிழறியாமலே அத் தமிழ்ச்சொல்லை நாவில் ஏற்றனர்.

நான்காந் தலைமுறையிற் சாந்தியும் இந்திரேசும் பிரேமாவும் அவர்தம் உடன்பிறந்தாரும். இந்திரேசு 1963-இற் சிறைப்பட்டு இராபன் தீவிற் பத்தாண்டு கழித்தார்; பின்னர் மொசாம்பிக்கிலும் கிழக்குச் செருமனியிலும் வாழ்ந்தார்; விடுதலைக்குப் பின் நாடாளுமன்றத்தில் இடம்பெற்றார்; 2016-இல் மறைந்தார். சாந்தி 1969-இற் பிடிக்கப்பெற்று 371 நாள் தனிச்சிறையில் வைக்கப்பெற்றார். தோழியர்க்கு எதிராகச் சான்று சொல்ல மறுத்தமைக்காக மேலும் தண்டனை பெற்றார். 1972-இல் இங்கிலாந்து சென்றார். தன்சானியாவில் விடுதலை இயக்கப் பள்ளியிற் பணியாற்றினார். 1991-இல் நாடு திரும்பினார். பிரேமா 1982-இற் சிறை புகுந்தார்.

நான்கு தலைமுறை, இந்தியா, மொரீசியசு, தென்னாப்பிரிக்கா, இங்கிலாந்து, மொசாம்பிக்கு, செருமனி, தன்சானியா என ஏழு நாடுகள். இக் குடும்பத்தின் ஒவ்வோர் அடியையும் வரலாறு எழுதிவைத்துள்ளது. எந்தச் சிறை, எத்தனை நாள், எந்த ஆண்டு என்பதெல்லாம் ஏட்டில் உண்டு. ஆயினும் காந்தியடிகள் தம் நூலில் அவர்தம் முன்னோர் நிலத்தைக் குறிக்குமிடத்தில் 'சென்னை மாகாணம்' என்று மட்டுமே எழுதினார்; ஊர் எழுதினாரில்லை. கடலளவு வரலாற்றின் தலைப்பில் ஓர் ஊர்ப்பெயருக்குரிய இடம் வெறுமையாய் உள்ளது.

ஊர்ப்பெயர் காத்த பெண்

இதற்கு மாறாக மற்றொரு குடும்பம். சோகன்னசுபர்க்கில் 1898-இற் பிறந்து, அறப்போரிற் சிறை சென்று, காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்பிரவரி 22-ஆம் நாள் பதினாறாம் அகவையில் மறைந்தாள் ஒரு பெண். தந்தையார் முனுசாமி, தாயார் மங்களம். அவள் கல்லறையும் அந்நகரிலேயே உள்ளது. தமிழ்நாட்டில் அவளைச் சோகன்னசுபர்க்கு வள்ளியம்மை என்று எவருஞ் சொல்லுவதில்லை. தில்லையாடி வள்ளியம்மை என்றே பள்ளிச் சிறாரும் சொல்வர்.

தில்லையாடி அவள் பிறந்த ஊரன்று. அவள் பெற்றோரின் ஊர். கப்பலேறியவர் நாவினின்று அவ்வூர்ப்பெயர் நீங்காமையால் அது மகள் பெயரோடும் ஒட்டிக்கொண்டது. 1915-இல் தாயகம் வந்த காந்தியடிகள் அச் சிற்றூரைத் தேடிச் சென்று கண்டார். இன்று மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள அவ்வூரில் அவளுக்கு நினைவகம் நிற்கின்றது. எங்கோ பிறந்து எங்கோ மாய்ந்த ஒரு பெண்ணை, ஓர் ஊர்ப்பெயர் மீட்டுக் கொணர்ந்து நம் வாயிலில் நிறுத்திற்று. தம்பி நாயுடுவின் முன்னோர்க்குக் கிட்டாத பேறு இச் சிறு பெண்ணுக்குக் கிட்டியது அந்த ஒற்றைச் சொல்லால்.

அதே போரில் 1913-இற் சிறை சென்ற மகளிர் பதினொருவரின் பட்டியலை அடிகள் தம் நூலில் தந்துள்ளார். அதில் மணமான மகளிர் எல்லாருங் கணவர் பெயராலேயே சுட்டப்பெற்றுள்ளனர். தம்பி நாயுடுவின் மனைவியார் 'திருமதி தம்பி நாயுடு' என்றே அதிற் காணப்பெறுவார்; அவருடைய பெயர் வீரம்மாள். கைக்குழந்தையோடு சிறை சென்ற பெண்ணுக்கும் தன் பெயரால் நிற்க இடமில்லை! இது வெள்ளையன் மட்டும் இழைத்த பிழையோ? நம் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். பாட்டனின் தந்தை பெயரைச் சிலர் சொல்வர். பாட்டியின் தாய் பெயரைச் சொல்வார் யார்? குடிவழி என்றால் ஆண்வழி என்றே எண்ணிப் பாதி மரத்தை நாமே வெட்டி வீழ்த்திவிட்டோம்.

எதற்காகத் தேடுவது?

குடிவழி தேடுதல் எதற்கு என்று சிலர் வினவலாம். அவர்க்கு முதலிற் சொல்லவேண்டுவது, சாதி தேடுதற்கன்று என்பது. கப்பற் பதிவேட்டிற் சாதிக்கென ஒரு கட்டம் உண்டு. அக் கட்டத்தை மட்டும் பெரிதாக எண்ணிப் பழம்பெருமை பேசப் புகுவார் ஏமாந்து போவர். கப்பலேறுமுன் தம் சாதியை மாற்றிச் சொன்னோரும் இருந்தனர். எழுத்தன் தவறாக எழுதியதும் உண்டு. ஒரே தளத்திற் படுத்து, ஒரே பானையில் உண்டு, ஒரே கடலிற் செத்தாரை எறிந்து, ஒன்றாய்க் கரையேறிய மக்கள் அவர்கள். தாயகத்திற் பல நூற்றாண்டுகளாக நீங்காத வேற்றுமை அத் தளத்தில் ஒரு திங்களிலே தளர்ந்தது. அதனைப் பேரன் வந்து மீண்டும் முடிச்சிடுவானாயின், பூட்டன் பட்ட பாடு வீணே.

தேடுவது உறவுக்காக, மொழிக்காக. மொரீசியசின் பணத்தாளில் இன்றுந் தமிழெழுத்து உண்டு. 1998-இல் வெளியிட்ட தாள்களில் தமிழின் இடம் பின்தள்ளப்பெற்றபோது, அங்குள்ள தமிழர் கொதித்தெழுந்தனர். அரசு அத்தாள்களைத் திரும்பப் பெற்று வேறு அச்சிட்டது. ஆயினும் அத்தாளைக் கையிற் கொண்டோருட் பலர் அவ்வெழுத்தைப் படிக்கவல்லார் அல்லர். அவர் வீட்டுமொழி கிரியோல். மொழி போனபின்னும் எழுத்துக்காகப் போரிடும் அம் மக்களின் நெஞ்சம் எத்தகையது! அவர்கள் ஊர் தேடி இங்கு வரும்போது, நம் ஊரிற் கடைப்பலகையும் அயலெழுத்து, திருமண அழைப்பும் அயலெழுத்து, பிள்ளை பெயரும் அயற்பெயர் எனக் கண்டால் என்ன எண்ணுவர்? பாட்டனிடம் இழந்ததைத் தாயகத்திற் பெறலாம் என்று வந்தவர்க்கு நாம் காட்டப்போவது யாது?

கடல் கடந்தவன் பெயரிழந்தது வல்லடியால். இங்கிருப்போர் தம் மக்களுக்குப் பாட்டன் பெயரை விட்டுப் பொருளறியா வடசொற் பெயரையும் ஆங்கில ஒலிப்பெயரையும் இடுவது எவர் வல்லடியால்? முருகன் பேரன் முருகன் அல்லன் என்றால், பேரன் என்னுஞ் சொல்லுக்கு வீட்டிற் பொருளுண்டோ?

செய்யத்தக்கன

செலவில்லாத வேலைகள் சில உள்ளன. இன்றிரவே தொடங்கலாம்.

வீட்டில் ஓர் ஏடு வையுங்கள். அதிற் குடும்பத்தாரின் பெயர்களை முழுமையாகத் தமிழில் எழுதுங்கள், தலையெழுத்தோடு நிறுத்தாதீர்கள். தலையெழுத்து ஒற்றைப் புள்ளி; அதனை விரித்தெழுதினாலன்றிப் பேரன் அறியான். தந்தைவழிப் பெயர்க்கு எதிரே தாய்வழிப் பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயரோடும் பிறந்த ஊர், புகுந்த ஊர், வட்டம், மாவட்டம், ஆண்டு இவற்றைக் குறியுங்கள். மாவட்டங்கள் பிரிந்தும் பெயர் மாறியும் வருதலால் பழைய பெயரையும் சேர்த்தெழுதுதல் நன்று. எண்பதைக் கடந்த முதியோர் வீட்டில் இருப்பின் நாளை எனத் தள்ளாதீர்கள். அவர்களிடம் 'கப்பலேறிப் போனவர் நம் குடும்பத்தில் எவரேனும் உண்டா?' என்று கேளுங்கள். இலங்கைக்கோ, பருமாவுக்கோ, மலையாவுக்கோ, பீசித் தீவுக்கோ, நெட்டாலுக்கோ போய்த் திரும்பாத ஒருவரின் பெயர் அவர்கள் நெஞ்சில் இருக்கலாம். அப் பெயரை எழுதுங்கள். கடலுக்கு அப்பால் அதே பெயரை எண்ணோடு சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் காத்திருக்கக்கூடும். ஈரேடுகளும் ஒருநாள் கூடும்.

வெளிநாட்டினின்று ஊர் தேடி வருவார் எவரேனும் உங்கள் தெருவில் நின்றால், அவர் நிறத்தையும் உடையையும் நாவின் தடுமாற்றத்தையும் பார்த்து நகையாதீர்கள். அவர் கையிலுள்ள தாளில் ஆங்கிலத்தில் சிதைந்து கிடக்கும் ஊர்ப்பெயரை வாங்கி, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். லகரத்தை ளகரமாக்கிப் படியுங்கள், ழகரமாக்கிப் படியுங்கள், குறிலை நெடிலாக்கிப் படியுங்கள். கணிப்பொறியும் அயலாரும் செய்யவியலாத அவ்வேலையைத் தமிழ்க்காது செய்யும். அவ்வொலி உங்கள் அண்டையூரின் பெயராக இருத்தல் கூடும். அப்படியாயின் உடன்சென்று வழிகாட்டி, அவ்வூர் முதியவரிடம் அவரை ஒப்புவித்து வாருங்கள்.

நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் ஊர்பேர் தெரியாதவனாக்கப்பெற்ற ஒருவனுக்கு, அன்று அவன் ஊரும் பேரும் திரும்பக் கிடைக்கும்.

வாழ்க தமிழ்!